கரண்டு போனதும் மீன் மேலே வருவது எப்படி?

ஆயர் ஈத்தாம்காரர் (மலேசியா):
நேற்று ராத்திரி கரண்டு போய் ஏர் பம்ப் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் தங்கமீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, செவுள் மூடி படபடவென்று அடிக்கிறது. ஆக்சிஜன் குறைவது அதுகளுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்:
அண்ணே, செவுள் இழைகளிலேயே அதற்கான உணர்செல்கள் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் அவற்றின் பொட்டாசியம் வாயில்கள் (செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழிகள்) மூடிக்கொள்ளும். செல்லின் மின்னழுத்தம் மாறி கால்சியம் உள்ளே பாயும். உடனே, குட்டிப் பைகளில் சேர்த்து வைத்திருக்கும் செரட்டோனின் போன்ற வேதித்தூதர்கள் வெளியேறி நரம்பைத் தட்டும். சேதி மூளைக்குப் போகும். மூச்சு வேகமாகும், ஆனால் பல மீன்களுக்கு இதயத் துடிப்பு குறையும்! நம் கழுத்துத் தமனியோரம் இருக்கும் செல்களுக்கும் ஏறக்குறைய இதே வேலைதான்.

இன்னொருவர்:
நம்மூர்ச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜனே கம்மி லா. 30 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். பேட்டரி பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.