புதுப்பிப்பு: இளைஞர் மன்ற வங்கிக் கணக்கில் பொருளாளர் பெயர் மாறிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: தேர்தல் முடிந்தும் மன்றக் கணக்கில் புதிய பொருளாளரின் கையெழுத்தை வங்கி ஏற்கவில்லை.

பலித்தது, வங்கிக்குக் கொடுக்கும் மன்றத் தீர்மானத்தையே திருத்தி எழுதச் சொன்ன யோசனை. 'புதிய நிர்வாகிகள் தேர்வு' என்று மட்டும் இருந்தால் போதாது. கணக்கு எண், பழையவர்களின் கையெழுத்து அதிகாரம் ரத்தாகும் தேதி, புதிய மூவரின் பெயர், அவர்களில் எந்த இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது வரை தீர்மானத்தில் வேண்டும். கூடவே சங்கப் பதிவாளரிடம் படிவம் 7 (நிர்வாகிகள் மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம்) தாக்கல் செய்ததற்கான நகல், மன்றத்தின் பான், புதியவர்களின் ஆதார், புகைப்படம்.

எதிர்பாராதது: கையெழுத்து மாறிய பிறகும் வங்கியின் குறுஞ்செய்திகள் பழைய பொருளாளரின் எண்ணுக்கே போயின. அதற்குத் தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பழையவர் கொடுத்து இன்னும் பணமாகாத காசோலைகளை முன்கூட்டியே பட்டியலிடுங்கள். எங்களுக்கு இரண்டு திரும்பி வந்துவிட்டன.