உணர்ச்சியைத் தின்னும் வேற்றுக்கிரக ஜந்து: நம்பும்படி எழுத முடியுமா?

பொங்கோல்_பேனா:
வணக்கம். அறிவியல் புனைகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரின் பொங்கோல் பேட்டையில் ஒரு வீவக புளோக் (அரசு அடுக்குமாடிக் கட்டடம்), அதன் கீழ்த்தளத்தில் வேற்றுக்கிரகத்து ஜந்து ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது, கண்ணுக்குத் தெரியாது, மேலே குடியிருப்பவர்களின் பயத்தைத் தின்று வளர்கிறது. யோசனை பழசுதான். மனிதர்களை மாடு மாதிரி மேய்த்து உணர்ச்சியை உறிஞ்சும் உயிர்களை வைத்து எரிக் ஃபிராங்க் ரஸ்ஸல் 1939லேயே நாவல் எழுதிவிட்டார். 1968இல் ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரில் பகையைத் தின்னும் ஒன்று வந்தது, இரண்டு தரப்பும் சேர்ந்து சிரித்ததும் ஓடிப்போனது. என் சிக்கல் வேறு. பயத்தை எப்படித்தான் தின்பது? மூளையின் மின்சாரத்தை உறிஞ்சுகிறது என்று எழுதினேன், படித்த தோழி சிரித்துவிட்டாள்.

ஜூரோங்_வயர்மேன்:
சிரிக்கத்தானே செய்வார். மொத்த மூளையும் சேர்ந்து செலவழிப்பதே சுமார் 20 வாட், பயந்தாலும் அது பெரிதாக ஏறாது. தலையில் கம்பி ஒட்டி எடுக்கும் இஇஜி சிக்னல் மைக்ரோவோல்ட் கணக்கில்தான் கிடைக்கும். அதைக் குடித்து உங்கள் ஜந்து ஒரு கொசு அளவுக்குக்கூட வளராது. ரசாயனத்துக்குப் போங்கள். திடீரென்று பயந்தால் இரத்தத்தில் அட்ரினலின் பாயும், சில நிமிடங்களில் வடிந்துவிடும். கார்டிசால் என்ற இன்னொரு சுரப்பு மெதுவாக ஏறி, அதைவிட நெடுநேரம் நிற்கும். வயிற்றுக்கு அது வேறு எதையாவது தின்னட்டும், பயத்தில் வரும் ஏதோ ஒரு சரக்கை மட்டும் அதன் உடம்பால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது என்று வையுங்கள், நமக்கு வைட்டமின் சி மாதிரி. பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வரும் வாரத்தில் எந்த புளோக்கில் போட்டாலும் கொழுத்துவிடும்.

செராங்கூன்_சீதா:
அதெல்லாம் சரி தம்பி, தின்ற பிறகு அந்த ஆளிடம் பயம் மிச்சம் இருக்குமா, தீர்ந்துவிடுமா? கறக்கிறதா அறுக்கிறதா என்று முதலில் முடிவு பண்ண வேண்டாமா? கறக்கிற ஜந்து என்றால் தினமும் மின்தூக்கியில் விளக்கை அணைத்து, குழந்தையை அழவிட்டு, பயமுறுத்திக்கொண்டே இருக்கவேண்டும், அது வழக்கமான பேய்க்கதை. அறுக்கிற ஜந்துதான் சுவாரசியம். பயமே இல்லாமல் விடிந்தால் யார் புகார் கொடுப்பார்கள்? எதையும் விட்டுவிடுவோமோ என்று பதறும் நம் கியாசு ஊரில் செய்தி பரவினால் பக்கத்து புளோக்கிலிருந்து வந்து, கீழ்த்தளத்தில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பார்கள்!

அப்புறம்தான் வினை. மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி இரண்டு பக்கமும் அழிந்துபோன ஓர் அமெரிக்கப் பெண்ணை ஆய்வாளர்கள் பல வருடம் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பாம்பைக் காட்டினாலும் பயமில்லை, தொடப் போகிறார். கத்தியிலும் துப்பாக்கியிலும் மிரட்டப்பட்டிருக்கிறார், ஏனென்றால் ஆபத்தான இடத்தைவிட்டு விலகத் தோன்றவில்லை. ஆனால் 2013இல் வந்த ஆய்வில், கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கவிட்டதும் அவரும் அலறிவிட்டார். மூச்சுத்திணறலின் பயம் மட்டும் வேறு வழியாக வருகிறது போல. உங்கள் ஜந்துவால் தின்ன முடியாத பயம் அது ஒன்றுதான் என்று வைத்துப் பாருங்கள்.

பெடோக்_பாணன்:
எனக்கு ஒரு குறை. ஏன் எப்போதும் பயமே? தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு என்கிறார், அழுகை, இளிவரல், வெகுளி என்று ருசி ருசியாக இருக்கிறது. சரி, அச்சம்தான் வேண்டுமென்றால் அதற்கும் நான்கு காரணம் சொல்கிறார்: அணங்கு (பேய், தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (நமக்கு மேலே இருக்கும் அரசன்). பொங்கோலில் புலி இல்லை, திருடனும் குறைவு. உங்கள் ஜந்து முக்கால்வாசி மேலதிகாரி பயத்தைத் தின்றுதான் காலம் தள்ளவேண்டும். சீனர்களின் ஏழாம் மாதப் பேய்த் திருவிழாவில் நடக்கும் கேத்தாய் மேடைக் கச்சேரிக்கும் ஒருமுறை அனுப்பிவையுங்கள். முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாகத்தானே விடுகிறார்கள், போய் உட்கார்ந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பொங்கோல்_பேனா:
சீதா அக்கா, அறுக்கிற ஜந்துதான், முடிவாகிவிட்டது. டிஷ்யூ பாக்கெட்டையும் எடுத்துக்கொள்கிறேன். வயர்மேன் அண்ணே, மின்தூக்கி நின்றுபோய் நாலு பேர் மாட்டிக்கொண்டால் கரியமில வாயு அந்த அளவுக்கு ஏறுமா?

ஜூரோங்_வயர்மேன்:
ஏறாது, மின்தூக்கியில் காற்றுப் போக வழி உண்டு. அந்த ஆய்வில் கொடுத்தது 35 சதவீதம், அது எந்த அறையிலும் தானாக வராது. ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டரை (குண்டுவீச்சுக்குப் பதுங்கும் அறை) வையுங்கள், இரும்புக் கதவு, காற்றுத் துளைகளையும் அடைத்துவிடலாம். உள்ளே இருக்கும் அரிசி மூட்டையையும் பழைய சூட்கேஸ்களையும் முதலில் யார் வெளியே எடுப்பது என்பது உங்கள் பாடு.