எஞ்சினும் பெட்டியும்: ‘தோளொப்பு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தோட்டத்தில் ஓட்டும் மாதிரி ரயிலில், அதாவது தோட்ட ரயிலில், ஒரு சுருக்க விகிதத்து எஞ்சினை வேறொரு விகிதத்துப் பயணிகள் பெட்டிகளுக்கு மாட்டும்போது இரண்டும் ஒரே ரயிலாகத் தோன்றும் பண்பை ‘அளவுப் பொருத்தம்’ என்று அழைக்கலாம் எனச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அளவு பொருந்தாத இடத்தில்தானே இந்தச் சொல்லே நமக்குத் தேவைப்படுகிறது? அதற்குப் பதில் ‘தோற்றப் பொருத்தம்’ என்றாலோ வண்டிகளின் நிறமும் அவை ஓடிய காலமும் அதற்குள் வந்துவிடுகின்றன.

தண்டவாளத்தின் அகலம் ஒன்றாகவும் விகிதங்கள் பலவாகவும் இருப்பதே சிக்கலின் வேர். ஜெர்மனியில் 1968-இல் வந்த எல்ஜிபி என்ற மாதிரி ரயில் வகை, மீட்டர்கேஜ் (1000 மி.மீ. அகலப் பாதை) வண்டிகளை 1:22.5 விகிதத்தில் சுருக்கி 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டியது. அதே தண்டவாளத்தில் 1435 மி.மீ. அகலமுள்ள நிஜப் பாதையின் வண்டிகளை 1:32 விகிதத்திலும், அமெரிக்க மாதிரிகளை 1:29 விகிதத்திலும் ஓட்டுகிறார்கள். மதுரை–போடி தடத்தில் 2010 வரை ஓடிய மீட்டர்கேஜ் ரயிலைத் தோட்டத்தில் மீண்டும் காண விரும்பும் நமக்கு 1:22.5 ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது. ஆனால் கைக்குக் கிடைக்கும் எஞ்சினோ பல நேரங்களில் வேறு விகிதத்தில் இருக்கிறது.

சென்ற வாரம் திருமங்கலத்தில் எங்கள் வீட்டு மாதுளை மரத்தடியில், 1:22.5 பெட்டி ஒன்றின் முன் 1:32 எஞ்சினை நிறுத்திப் பார்த்தேன். புகைபோக்கி பெட்டியின் கூரைக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஏனெனில் நிஜத்திலும் பெட்டியைவிடத் தாழ்ந்த சிறு எஞ்சின்கள் உண்டு. ஆனால் பெட்டி வாசலில் இயல்பாக நின்ற மனிதப் பொம்மையை எடுத்து ஓட்டுநர் அறையில் நிறுத்தியபோது அதன் தலை கூரையில் இடித்தது. ஐந்தரை அடி ஆள் 1:22.5-இல் ஏறக்குறைய 74 மி.மீ. உயரம், 1:32-இல் 52 மி.மீ. மட்டுமே. கண்ணை உறுத்துவது வண்டியின் உயரமன்று, அதில் ஏறும் மனிதனின் உயரமே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதனால் ‘தோளொப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். சாமி பல்லக்குத் தூக்குபவர்களை முன்னும் பின்னும் தோள் உயரம் பார்த்து நிறுத்தும் வழக்கம் நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. தோள் ஒவ்வாவிட்டால் பல்லக்கு சாய்ந்துவிடும். எஞ்சினும் பெட்டியும் அதுபோலவே முன்பின்னாக நிற்பவை. ‘சோடிப் பொருத்தம்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன், ஆனால் அது நுகத்தில் பக்கம் பக்கமாக நிற்கும் மாடுகளுக்கே தகும்.

‘தோளொப்புள்ள எஞ்சின்’, ‘தோளொவ்வாத பெட்டி’, ‘தோளொப்பு பார்த்தல்’ என்று வாக்கியத்திலும் இது எளிதாக அமர்கிறது. எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கொக்கியின் உயர வேறுபாட்டை இதற்குள் சேர்க்க வேண்டாம். ஒரு தகடு வைத்து உயர்த்தினால் அது சரியாகிவிடும், தோளொப்பை அப்படிச் சரிசெய்ய முடியாது.

வரையறையை இப்படி எழுதலாம் என எண்ணுகிறேன்: ‘ஒரே பொம்மை ஓட்டுநர் அறையிலும் பெட்டி வாசலிலும் இயல்பாக நிற்கும்படி எஞ்சினும் பெட்டியும் அமைந்திருக்கும் தன்மை.’ 1:29 எஞ்சின் வைத்திருக்கும் நண்பர்கள் உங்கள் பெட்டிகளோடு நிறுத்திப் பார்த்து, இந்த வரையறை அங்கேயும் செல்லுமா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
திருமங்கலத்திலிருந்து