கம்பெனி கைவிட்ட பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் கருவிகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து:

வணக்கம் நண்பர்களே. போன வாரம் எங்கள் தெருவுக்கு வந்த பழைய இரும்பு வண்டியில் நாலைந்து ரவுட்டர்களைப் பார்த்தேன். ஒயரோடு சுருட்டி, உடைந்த குடைகளுக்கும் பித்தளைக் குழாய்களுக்கும் நடுவில் போட்டிருந்தார்கள். ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், அடியில் இருந்த மாடல் எண் எனக்கு மனப்பாடமான எண். அதே மாடல் எங்கள் வீட்டு ஹாலில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கதையைச் சொல்கிறேன். உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும், எழுதுங்கள்.

2016-ல் வாங்கியது. 8 எம்பி ஃபிளாஷ் (மென்பொருள் உட்காரும் நிரந்தர இடம்), 64 எம்பி ராம். தயாரித்த கம்பெனி ஒரே ஒரு அப்டேட் கொடுத்தது, அதோடு சரி. 2017 அக்டோபரில் வைஃபையில் கிராக் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் இருந்த மேத்தி வான்ஹோஃப் கண்டுபிடித்தது. டபிள்யூபிஏ2 பூட்டுப் போட்ட வைஃபையையும், பக்கத்தில் இருக்கிற ஒருவர் குறுக்கே நுழைந்து படிக்க முடியும் என்று காட்டிவிட்டார். என் ரவுட்டர் கம்பெனிக்கு இரண்டு முறை மெயில் போட்டேன். புது மாடல் வாங்கச் சொல்லி ஒரு பதில் வந்தது. பெட்டியில் ஒரு பழுதும் கிடையாது. உள்ளே இருக்கிற மென்பொருளைத் தொட மட்டும் ஆள் இல்லை, நம்மைத் தொடவும் விடமாட்டார்கள்.

அந்த வாரம்தான் ஓபன்டபிள்யூஆர்டி பக்கம் போனேன். ரவுட்டரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றிக்கொள்ளும் இலவசத் திறமூல மென்பொருள் அது, தன்னார்வலர்கள் வளர்ப்பது. அப்போது அவர்கள் இரண்டாகப் பிரிந்திருந்த நேரம். லீட் என்ற பெயரில் இருந்த குழு, ஓட்டை வெளியே வந்த சில நாட்களிலேயே அதை அடைத்த வெர்ஷனை வெளியிட்டிருந்தது. (2018 ஜனவரியில் இருவரும் மறுபடி ஒன்றாகி, பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள்.) காசு வாங்கி விற்றவர் கைவிட்ட பெட்டியை, என்னிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதவர்கள் சரிசெய்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

இது எப்படி சாத்தியமானது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2002 கடைசியில் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்று ஒரு ரவுட்டர் விற்பனைக்கு வந்தது. 2003-ல், அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளம் என்று அதன் கெர்னலை (மையப்பகுதியை) எழுதுகிற வட்டத்து ஆட்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் ஒரு முக்கியமான நிபந்தனை போடுகிறது: இதை எடுத்து விற்கிறாயா, மூல நிரலையும் வாங்குகிறவர் கையில் கொடு. கேட்டார்கள். அந்த வருடமே மூல நிரல் வெளியே வந்தது. அதை வைத்து 2004-ல் தொடங்கியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி. பெயரில் இருக்கிற டபிள்யூஆர்டி அந்தப் பெட்டியின் பெயர்தான். உரிமத்தில் இருந்த அந்த ஒரு நிபந்தனை இல்லையென்றால், எங்கள் ஹாலில் இருக்கிற ரவுட்டரும் இந்நேரம் இரும்பு வண்டியில்தான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2019-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது வெர்ஷன் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது பவர் விளக்கு மட்டும் எரிந்தது. வைஃபை இல்லை, கேபிள் போட்டாலும் பதில் இல்லை. வீட்டில் எல்லாரும் செத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

மூடியைத் திறந்தேன். போர்டின் ஓரத்தில் வரிசையாக நான்கு துளைகள் (பெட்டியோடு ஒயர் வழியே நேரடியாகப் பேசும் சீரியல் இணைப்புக்கானவை), பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை. மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு துளை கிரவுண்டோடு சேர்ந்திருந்தது. இன்னொன்றில் 3.3 வோல்ட் அசையாமல் நின்றது. மூன்றாவதில், பெட்டியை ஆன் செய்த முதல் சில விநாடிகள் அளவு ஏறி இறங்கித் துடித்தது. அதுதான் டிஎக்ஸ், பெட்டி பேசுகிற வாய். மீதி இருந்தது ஆர்எக்ஸ், அதன் காது. ஐடிஐயில் கற்ற சால்டரிங் இருபது வருடம் கழித்துக் கைகொடுத்தது. பின்களைப் பற்றவைத்து, லேப்டாப்போடு இணைக்கும் யூஎஸ்பி டிடிஎல் ஒயரில் மூன்றை மட்டும் மாட்டினேன். பெட்டியின் வாய் ஒயரின் காதுக்கு, ஒயரின் வாய் பெட்டியின் காதுக்கு, கிரவுண்டுக்கு கிரவுண்ட். 3.3 வோல்ட் பின்னை மட்டும் யாரும் தொடாதீர்கள். ரவுட்டருக்கு அதன் அடாப்டரே போதும்.

லேப்டாப்பில் மினிகாம் என்ற சீரியல் திரை நிரலைத் திறந்து, வேகம் 115200 வைத்து, பெட்டியை ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் வரிவரியாக எழுத்து வந்தது. யூ-பூட் (பெட்டியை எழுப்பும் முதல் நிரல்) வெர்ஷன், ராம் எவ்வளவு, ஃபிளாஷ் எவ்வளவு, கடைசியில் கெர்னல் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு வரி. பிறகு மறுபடி முதலிலிருந்து. இரண்டு நாளாக அது இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. செத்துவிட்டது என்று நாங்கள் நினைத்த பெட்டி, தனக்கு எங்கே வலிக்கிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றும் இல்லை.

அடுத்த தடவை அது கண்விழித்த அரை விநாடிக்குள் கீபோர்டைத் தட்டி யூ-பூட்டை நிறுத்தினேன். லேப்டாப்பை டிஎஃப்டிபி சர்வராக்கி (நெட்வொர்க் வழியே ஃபைல் அனுப்பும் ஏற்பாடு), ராமிலிருந்தே ஓடக்கூடிய ஒரு வெர்ஷனை அனுப்பி பூட் செய்து, அதற்குள்ளிருந்து ஃபிளாஷில் புதிதாக எழுதினேன். சாயங்காலம் வைஃபை வந்துவிட்டது.

2020-ல் மூன்று பேர் ஒரே இணைப்பில் வகுப்பும் வேலையும் என்று இருந்தபோது, இதே பெட்டியில் எஸ்க்யூஎம் போட்டேன். ஒருவர் பெரிய ஃபைல் இறக்கினாலும் மற்றவரின் வீடியோ அழைப்பு திக்காது. வரிசையில் காத்திருக்கிற தரவை நியாயமாகப் பங்கிட்டு அனுப்புகிற வேலை அது. அதற்காகப் பல வருடம் ஓயாமல் உழைத்தவர்களில் டேவ் டாட் ஒருவர். 2025 ஏப்ரலில் காலமானார். அவர் முகத்தைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் மகளின் பத்தாம் வகுப்புப் பாடம் திக்காமல் ஓடியதில் அவர் பங்கு இருக்கிறது.

யாராவது தொடருங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

அண்ணா, ரவுட்டர் பேசியது என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என்னிடம் இருப்பது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய திட்டத்தில், நான் பிளஸ் டூ படித்தபோது 2012-ல் கிடைத்தது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர். அப்பா அதற்குக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் ஆன் பண்ணவே விட்டார்.

ஆன் செய்ததும் விண்டோஸா பாஸா என்று கேட்கும். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை வைத்து உருவாக்கியது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் கைதவறி அதில் நுழைந்துவிட்டேன். மெனு முழுக்கத் தமிழில் வைத்துக்கொள்ளலாம் என்று கண்டதும் வெளியே வர மனமில்லை. கம்ப்யூட்டர் என்றால் ஆங்கிலம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கல்யாணம், குழந்தை என்று சில வருடம் பரணில் கிடந்தது. 2021-ல் தையல் கடை வைத்தபோது கணக்கு எழுத எடுத்தேன். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டது, பூட் ஆகவில்லை. ரிப்பேர் கடையில் “இது தேறாதும்மா, தூக்கிப் போட்டுடுங்க” என்றார். மனசு கேட்கவில்லை. தம்பி 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிக்கொடுத்தான். அடியில் இருக்கிற திருகுகளைக் கழற்றி நானே மாற்றினேன். பென்டிரைவில் டெபியன் ஏற்றி, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரையோடு போட்டேன். ராம் இன்னும் அதே 2 ஜிபிதான். பயர்பாக்ஸில் இரண்டு டேப் தாண்டினால் மூச்சு வாங்கும். ஆனால் லிப்ரே ஆஃபீஸில் கணக்கு, வாடிக்கையாளர் அளவுகள், பில் எல்லாம் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறேன். ரவிக்கை, பாவாடை, கை நீளம், கழுத்து இறக்கம் என்று என் தொழில் எப்படிப் பேசுமோ அப்படியே இருக்கிறது என் கோப்பு.

2025 ஆகஸ்ட்டில் டெபியன் 13 வந்தபோது, பழைய 32-பிட் கருவிகளில் இனி புதிதாக நிறுவ முடியாது என்று படித்துப் பயந்துபோனேன். டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று அடித்துப் பார்த்தேன். என்னுடையது 64-பிட். அன்று இரவே அப்டேட் செய்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் அண்ணா. கடையில் இருக்கிற ரவுட்டரும் பழசுதான், கம்பெனி அப்டேட் நின்றுபோய் நாளாகிறது. அதிலும் நீங்கள் சொன்னது ஏறுமா?

சிங்கப்பூரிலிருந்து:

வணக்கம். நான் சொல்லப்போவது பைன்ஃபோன் என்ற லினக்ஸ் போன் பற்றி. 2020-ல் பைன்64 என்ற நிறுவனம் வெளியிட்டது, அன்று 150 டாலர். ஆர்வலர்களுக்கான கருவி என்று சொல்லித்தான் விற்றார்கள், அப்படி நினைத்துத்தான் வாங்கினேன்.

முதல் நாள் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தேன். பேட்டரியைக் கையால் எடுக்கலாம். சாம்சங் ஜே7 பேட்டரியே இதற்குப் பொருந்தும். மேல்பக்கம் வரிசையாக ஆறு குட்டி சுவிட்சுகள்: மோடம், வைஃபை, மைக், பின் கேமரா, முன் கேமரா, ஹெட்போன். பல்குச்சியால் தள்ளினால்தான் நகரும். மைக்கை அணைத்தால் உண்மையிலேயே மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. திரையில் ஒரு ஐகான் சாம்பல் நிறமாவது வேறு, இது வேறு. என் அம்மாவிடம் காட்டினேன். “நம்ம வீட்டு மெயின் சுவிட்ச் மாதிரி” என்றார். நான் இத்தனை நாள் படித்த விளக்கங்களில் இதைவிடச் சரியானது இல்லை.

அதில் ஓட்டுவது போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற இயங்குதளம். 2017-ல் தொடங்கியது, ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஒரு போனுக்குப் பத்து வருட ஆயுள் கொடுக்க வேண்டும் என்பதே அவர்கள் முதல் நாளில் எழுதிவைத்த குறிக்கோள்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. என் இன்னொரு பழைய ஆண்ட்ராய்டு போனில் லினேஜ்ஓஎஸ் என்ற திறமூல ஆண்ட்ராய்டு வகையைப் போட்டிருக்கிறேன். கம்பெனி விட்டுப்போன ஆண்ட்ராய்டு வெர்ஷனைவிட மூன்று படி மேலே, ஒவ்வொரு மாதமும் பாதுகாப்புத் திருத்தங்களோடு ஓடுகிறது. ஆனால் என் வங்கியின் செயலி அதில் திறக்காது, பாதுகாப்பில்லாத கருவி என்கிறது. நான்கு வருடமாக ஒரு திருத்தமும் பார்க்காத என் நண்பரின் போனில் அதே செயலி சமர்த்தாக ஓடுகிறது. எது பாதுகாப்பு என்று முடிவு செய்கிற இடத்தில் நாம் இல்லை. திறமூலத்துக்காகப் பேசுகிற நாம் இனி அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

சென்னையிலிருந்து:

சுருக்கமாக. நோக்கியா என்900, 2009 மாடல். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழையதாக வாங்கினேன். பக்கவாட்டில் தள்ளினால் கீபோர்டு, டெர்மினல் திறந்து ஆப்ட்-கெட் அடித்து மென்பொருள் நிறுவலாம். 256 எம்பி ராமில் முழு லினக்ஸ். அதில் வந்த மேமோ என்ற இயங்குதளத்தை நோக்கியா நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிறது. மேமோ லெஸ்டே என்று ஒரு குழு தேவுவான் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து அதை இன்றும் வளர்த்துவருகிறது. வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு, வந்திருப்பதை அப்டேட் செய்துவிட்டு வைப்பேன்.

மீண்டும் திருச்சியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. சிங்கப்பூர் நண்பரே, வங்கிச் செயலி விஷயம் என்னையும் உறுத்துவதுதான். அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், நானும் எழுதுகிறேன்.

கும்பகோணம் தங்கச்சிக்கு: முதலில் பார்க்க வேண்டியது ஃபிளாஷும் ராமும். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ள பெட்டி என்றால் ஓபன்டபிள்யூஆர்டியின் 19.07 வெர்ஷனோடு கதவு மூடிவிட்டது, அதில் போடச் சொல்லமாட்டேன். என்னுடையதைப் போல 8-க்கு 64 என்றால் ஓடும், ஆனால் இடம் இறுக்கம், கூடுதலாக ஒன்றும் ஏற்ற முடியாது. 16-க்கு 128 இருந்தால் கவலையே இல்லை. இரண்டாவது, ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு சிப்போடு பல வெர்ஷன்கள் விற்கிறார்கள். வேறு வெர்ஷனுக்கான ஃபைலை ஏற்றினால் பெட்டி எழுந்திருக்காது. கடை வேலை நடக்கிற நேரத்தில் செய்யாதே, யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுச் செய். கரண்ட் விஷயத்தில் நான் பட்டது போதும்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை ஒரு படம் எடுத்து இங்கே போடும்மா. வைஃபை பாஸ்வேர்டும் சீரியல் நம்பரும் இருக்கிற இடத்தை மறைத்துவிடு, வெர்ஷன் எண் மட்டும் தெளிவாகத் தெரியட்டும். எந்த ஃபைல் என்று பார்த்துச் சொல்கிறேன்.