புதுப்பிப்பு: நாயின் நகத்தில் ரத்தம் நின்றுவிட்டது

நகம் ஒட்ட வெட்டுப்பட்டு எங்கள் நாய்க்கு ரத்தம் நிற்கவில்லை என்று கேட்டிருந்தேன். உடனே பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பஞ்சால் ஒற்றிக்கொண்டே இருந்தவரை நிற்கவில்லை. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் உறைந்ததும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. கைகொடுத்தது கார்ன்ஃப்ளவர் யோசனைதான். உள்ளங்கையில் கொட்டி, நக நுனியை அதில் அழுத்தி, இடையில் எடுத்துப் பார்க்காமல் 5 நிமிடம் பிடித்தோம். நின்றது.

எதிர்பாராதது ஒன்று: அப்புறம் அது நக்க ஆரம்பித்ததும் மறுபடி கசிந்தது. திரும்ப மாவு வைத்து, துணி சுற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து படுக்க வைத்தோம். மறுநாள் வரை வெளியே ஓடவிடவில்லை.

படிகாரமும் ரத்தத்தை நிறுத்தும். எரியுமே என்று நான் வைக்கவில்லை. கறுப்பு நகமுள்ள நாய் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். வெட்டிய இடத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரமாகியும் ரத்தம் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.