நான்கு கட்டட வளையத்தில் தினமும் இருமுறை துண்டிப்பு: பிரிட்ஜ்களை ஓரிடத்திலிருந்து கண்காணிப்பது எப்படி?

கன்னடியன்கால்:
வணக்கம். சேரன்மகாதேவிக்கு அருகே ஒரு கல்லூரியின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். முதன்மைக் கட்டடம், நூலகம், கணினி ஆய்வகம், தேர்வு அலுவலகம் ஆகிய நான்கும் இதே வரிசையில் ஃபைபர் கேபிளால் வளையமாக இணைக்கப்பட்டுள்ளன. நான்கு ஸ்விட்சுகளிலும் (பிரிட்ஜ் என்பதும் இவற்றைத்தான்) ஸ்பானிங் ட்ரீ, அதாவது வளையத்தில் ஓர் இணைப்பை அடைத்துவைத்துத் தரவு சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுக்கும் முறை, ஓடுகிறது. வாங்கிய நாளில் இருந்த அமைப்பை யாரும் மாற்றியதில்லை. ஒரு மாதமாக ஆய்வகம் மட்டும் காலை ஒன்பதரை மணியளவிலும் மாலை ஐந்தரை மணியளவிலும் துண்டிக்கப்பட்டு, பிறகு தானே மீள்கிறது. அங்கிருந்து முதன்மைக் கட்டட சர்வருக்கு நொடிக்கு ஒன்றாகப் பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் சிறு செய்தி) ஓடவிட்டு எண்ணிப் பார்த்தேன். காலையில் 30 பதில்களும் மாலையில் 48 அல்லது 49 பதில்களும் வருவதில்லை. கேபிளை மாற்றியும் பயனில்லை. ஐப்பசி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு கட்டடம் கட்டடமாக அலையாமல், எந்த பிரிட்ஜ் என்ன செய்கிறது என்பதை இருந்த இடத்திலிருந்தே பார்க்க வழி உண்டா?

குறுக்குத்துறை:
ஸ்பானிங் ட்ரீதான் இடைஞ்சல் செய்கிறது என்று தோன்றுகிறது. அதை நிறுத்திவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

பாளையங்கால்:
அண்ணாச்சி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஐ.பி. பாக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரிலும் குறைந்துகொண்டே வரும் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஸ்விட்சுகள் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேம் என்ற தரவுப் பொட்டலத்தில் அப்படி எதுவும் கிடையாது. வளையத்தில் ஸ்பானிங் ட்ரீயை நிறுத்தினால் எல்லாக் கணினிகளுக்குமாக அனுப்பப்படும் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேமே ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும், அடுத்தடுத்து வருபவையும் அதோடு சேர்ந்து சில நொடிகளில் நான்கு கட்டடமும் முடங்கிவிடும்.

நீங்கள் பிங்கை எண்ணிப் பார்த்தது மிக நல்ல காரியம். ஸ்பானிங் ட்ரீயின் பழைய 802.1டி முறையில் ஒரு போர்ட் கேட்கும் நிலையில் 15 நொடியும் கற்கும் நிலையில் 15 நொடியும் இருந்த பிறகே ஃபிரேம்களைக் கடத்தும். காலையில் போகும் 30 அதுதான். ரூட் பிரிட்ஜ், அதாவது மற்றவை தங்கள் வழியைக் கணக்கிட அடிப்படையாகக் கொள்ளும் தலைமை ஸ்விட்ச், அணைந்துவிட்டால், அதன் பழைய தகவல் காலாவதியாக மேலும் 20 நொடி பிடிக்கும்; ஆக, மாலையில் ஏறக்குறைய 50. எனவே உங்கள் ரூட் பிரிட்ஜை யாரோ மாலையில் அணைத்துக் காலையில் போடுகிறார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். முன்னுரிமை எண் எதில் மிகச் சிறியதோ அதுவே ரூட்; அது எல்லாவற்றிலும் 32768 என்றே இருந்தால், மேக் முகவரி (தயாரிப்பிலேயே பதிந்த வன்பொருள் எண்) எதில் மிகச் சிறியதோ அதுவே ரூட் ஆகும். பெரும்பாலும் இருப்பதிலேயே பழைய பெட்டிக்குத்தான் அந்தப் பதவி கிடைக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை.

முதன்மைக் கட்டட ஸ்விட்சுக்கு 4096, நூலகத்துக்கு 8192 என்று முன்னுரிமை கொடுங்கள். அப்போது ஆய்வகம் நூலகம் வழியாகவே ரூட்டை அடையும். அடைபடும் இணைப்பு ஆய்வகத்துக்கும் தேர்வு அலுவலகத்துக்கும் இடையில் அமையும். மாற்றும்போது ஒருமுறை துண்டிப்பு வரும் என்பதால் வகுப்பு முடிந்த பிறகு செய்யுங்கள். ஸ்விட்சுகள் 802.1டபிள்யூ என்ற விரைவு முறையை ஏற்குமானால் அதற்கும் மாறிவிடுவது நல்லது.

கல்லிடை:
இருந்த இடத்திலிருந்து பார்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வலையமைப்புக் கருவிகளைத் தொலைவிலிருந்து விசாரிக்கும் எஸ்.என்.எம்.பி. முறை வழியாக பிரிட்ஜ் எம்.ஐ.பி. என்ற எண்ணிட்ட தகவல் பட்டியலைப் படிக்கலாம், 2005-இல் வந்த ஆர்.எஃப்.சி. 4188 என்ற இணைய ஆவணம் அதை வரையறுக்கிறது. 1.3.6.1.2.1.17.2.5 என்பது அந்த ஸ்விட்ச் யாரை ரூட்டாகக் கருதுகிறது என்பதையும், 2.4 என்று முடிவது டோபாலஜி (இணைப்புகளின் அமைப்பு) எத்தனை முறை மாறியது என்பதையும், 2.3 என்று முடிவது கடைசி மாற்றத்துக்குப் பிறகு கழிந்த நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்காகவும் தரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு ஸ்விட்சிலும் இவற்றைப் படித்துக் கோப்பில் எழுதி வைத்தால், எந்த நேரத்தில் என்ன மாறியது என்பது கண்முன் தெரியும். ரூட் மதிப்பு நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டு நீடித்தால் வலையமைப்பு எங்கோ பிளந்திருக்கிறது. படிக்கும் அனுமதிச் சொல்லை 'பப்ளிக்' என்றே விட்டுவைக்க வேண்டாம்.

கன்னடியன்கால்:
நேற்று நான்கிலும் படித்தேன். ரூட்டாக வந்த மேக் முகவரியைப் பெட்டிகளின் அடியில் ஒட்டியிருந்த சீட்டுகளோடு ஒப்பிட்டபோது, அது தேர்வு அலுவலக ஸ்விட்ச் என்று தெரிந்தது. போன மாதம் இடி விழுந்து அங்கிருந்த ஸ்விட்ச் பழுதானதால் கிடங்கிலிருந்த பழையதை மாட்டியிருந்தோம். அறையைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். முன்னுரிமைகளை மாற்றிவிட்டேன். இன்று மாலை அலுவலகத்தை அணைத்தபோது ஆய்வகத்தில் ஒரு பிங்கூடத் தவறவில்லை. மிக்க நன்றி. ஒரே ஒரு ஐயம்: காலையில் ஆய்வகக் கணினிகளைப் போடும்போது மாற்ற எண்ணிக்கை முப்பது, நாற்பது என்று ஏறுகிறதே, அது ஏன்?

பாளையங்கால்:
கணினி செருகிய போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் (வேறு ஸ்விட்ச் இணையாத ஓரப் போர்ட்) என்று குறிக்காததே காரணம். ஒவ்வொரு கணினியும் எழும்போது அது டோபாலஜி மாற்றமாக அறிவிக்கப்பட்டு, ஸ்விட்சுகள் கற்றுவைத்த முகவரிகளைச் சீக்கிரமே மறக்கின்றன. அந்தப் போர்ட்டுகளை எட்ஜ் ஆக்கி, பி.பி.டி.யு. (ஸ்பானிங் ட்ரீ ஸ்விட்சுகள் தமக்குள் அனுப்பும் செய்தி) வந்தால் போர்ட்டை மூடும் பி.பி.டி.யு. கார்டு என்ற காவலையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். மாணவர் யாரேனும் அதில் ஸ்பானிங் ட்ரீ ஓடும் ஸ்விட்சைச் செருகினால் அந்தப் போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும். ஃபைபர் போர்ட்டுகளில் இவை இரண்டையும் போட வேண்டாம்.