கவுன்சில் வீட்டு லிஸ்ட்: முந்திப் பதிஞ்சவைக்கா, முட்டுப்பட்டவைக்கா?

பனங்கூடல்:
இங்கிலாந்தில சமூக வீட்டுக்கு (கவுன்சில், அதாவது உள்ளூராட்சிச் சபை மூலமாக் கிடைக்கிற குறைஞ்ச வாடகை வீடு) பதிஞ்சு காத்திருக்கிற குடும்பங்கள் 13 லட்சத்துக்கும் மேல (2024 மார்ச் கணக்கு). பத்து வருஷமாப் பெயர் கிடக்கிறவரை விட்டிட்டு, போன வருஷம் பதிஞ்சவருக்குத் திறப்புக் குடுக்கினம். லிஸ்ட் எண்டு பெயர் வைச்சா திகதிப்படி விடவேணும். லண்டன் ஹில்லிங்டன் கவுன்சில், எல்லைக்குள்ள 10 வருஷம் தொடர்ந்து இருந்திருக்கவேணும் எண்டு விதி வைச்சது. என்னைக் கேட்டா நியாயமான விதி.

வெள்ளாப்பு:
அண்ணை, அது பஸ் வரிசை இல்லை, சல்லடை. 1996 வீடமைப்புச் சட்டம் 166ஏ பிரிவைப் பாருங்கோ. வீடில்லாதவை, நெரிசலான அல்லது சுகாதாரக்கேடான வீட்டில இருக்கிறவை, நோய் நொம்பலத்தால மாறவேண்டியவை, குறிப்பிட்ட இடத்துக்குப் போகாட்டி அல்லல்படுறவை. இவைக்கு முன்னுரிமை குடுத்தே ஆகவேணும். தேவை எவ்வளவு அவசரம் எண்டதைப் பார்த்துக் கவுன்சில் ஆக்களை ஏ, பி, சி எண்டு பான்ட் (படி) பிரிக்கும். திகதி பார்க்கிறது அந்த பான்டுக்கு உள்ளதான். அதிலயும் பல கவுன்சில்களில, நீங்கள் முதல் பதிஞ்ச திகதியைப் பார்க்கிறேல்லை. அந்த பான்டுக்குள்ள வந்த திகதிதான் கணக்கு. 2012இல பதிஞ்சு 2022இல பான்ட் சி இருந்து பி க்கு ஏறினவரின்ர திகதி 2022.

ஹில்லிங்டன் விதி 2019இல அப்பீல் கோர்ட்டில அடிபட்டது. அயர்லாந்து நாடோடிச் சமூகத்துக்கும் பிரித்தானியர் அல்லாதவைக்கும் அது பாதகம், அதை நியாயப்படுத்தக் கவுன்சிலால ஏலேல்லை. அந்த வழக்கில ஒருத்தர் அகதி. அகதியா வந்து நிண்ட எங்கட சனம் அந்த விதிக்குக் கைதட்டுறதைத்தான் என்னால விளங்கேலாமக் கிடக்கு.

பனங்கூடல்:
சட்டம் எனக்கும் தெரியும் தம்பி. 2009 நியூஹாம் வழக்கையும் சொல்லும். ஒருத்தருக்கு நெரிசலும் நோயும் சேர்ந்து இருந்தாலும், ரெண்டையும் கூட்டிப் பார்த்து மேல தூக்கவேணும் எண்டு கட்டாயம் இல்லையெண்டு, அப்ப நாட்டின்ர உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. வீடுகளை எப்பிடிப் பங்கிடுறதெண்டதில நீதிமன்றம் லேசில கை வைக்காதெண்டும் சொன்னது. அப்ப உங்கட “முன்னுரிமை” என்ன? பைலுக்குள்ள கிடக்கிற கடதாசி.

மூலைக்கடை:
கடதாசிதான். ஆனா பான்டைத் தீர்மானிக்கிறதும் அதுதானே. சனம் வழுக்குற இடங்களைச் சொல்லுறன்.

அறைக் கணக்கு: பெரும்பாலும் தாய் தகப்பனுக்கு ஒண்டு, 21 வயதோ அதுக்கு மேலயோ உள்ளவருக்குத் தனி ஒண்டு, 10 முதல் 20 வரை ஒரே பாலார் ரெண்டு பேருக்கு ஒண்டு, 10க்குக் கீழ ஆணோ பெண்ணோ ரெண்டு பேருக்கு ஒண்டு. ரெண்டு அறை பிளாட்டில 9 வயது மகன், 7 வயது மகள் எண்டா நெரிசல் இல்லை. மகனுக்கு 10 பிறந்த அண்டைக்கு ஓர் அறை குறையுது. கவுன்சில் தானா மாத்தும் எண்டு இருக்கக்கூடாது. பிறப்புச் சான்றிதழோட மாற்ற விண்ணப்பத்தை உடன போடவேணும். ஒரு வருஷம் பிந்திப் போட்டா அந்த ஒரு வருஷத் திகதி போச்சு.

டொக்டர் கடிதம்: “இவருக்கு ஆஸ்மா, வேற வீடு நல்லது” எண்டு எழுதினதால பிரயோசனம் குறைவு. எந்த அறையில பூஞ்சணம், எத்தனை படி, லிப்ட் இருக்கோ, அதால நோய் எப்பிடிக் கூடுது எண்டு இருக்கவேணும். கேட்கிறது நோயைப் பற்றியில்லை, நோய்க்கும் வீட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி.

பல கவுன்சில்களில வருசாவருசம் வாற, பதிவைப் புதுப்பிக்கிற கடிதத்துக்குப் பதில் போடாட்டி பெயரை வெட்டிப்போடுவினம். முகவரி மாறினவை அதிகம் விழுறது இதிலதான்.

வெள்ளாப்பு:
பனங்கூடலுக்கு ஒண்டு. “பதியத் தகுதியில்லை” எண்டா காரணத்தோட எழுத்தில தரவேணும், மறுபரிசீலனை கேட்கலாம். என்ன தகவலை வைச்சு முடிவெடுத்தவை எண்டு கேட்கவும் உரிமை இருக்கு. கெடு பெரும்பாலும் 21 நாள். உங்கட கவுன்சிலின்ர வீடு பங்கிடுற திட்டச் சுருக்கத்தில இருக்கும், அதை இலவசமாத் தரவேணும். அதிலயும் தோத்தா ஜுடிஷியல் ரிவியூ (முடிவு சட்டப்படி சரியோ எண்டு நீதிமன்றம் பார்க்கிறது), ஆகக்கூடினது மூண்டு மாசம், அதுக்குள்ளயும் சுணங்கக்கூடாது. இழுத்தடிப்பெண்டா முதல் கவுன்சிலுக்கு முறைப்பாடு, பிறகு ஒம்புட்ஸ்மன் (முறைப்பாட்டை விசாரிக்கிற சுயாதீன அதிகாரி).

வீடில்லாதவையாக் கவுன்சில் பொறுப்பெடுத்தவைக்கு விதி வேற. கவுன்சில் கடைசியாத் தாற வீட்டை (ஓபரை) “வேண்டாம்” எண்டா, விளைவை எழுத்தில சொல்லியிருந்து, வீடும் பொருத்தமானதெண்டு முடிவானா, கவுன்சிலின்ர கடமை அதோட முடிஞ்சுது. அதால திறப்பை வாங்கிக்கொண்டே, 21 நாளுக்குள்ள “இது பொருத்தமில்லை” எண்டு ரிவியூ கேளுங்கோ. ரெண்டும் சேர்த்துச் செய்யலாம். மறுத்துப்போட்டு ரிவியூ கேட்டுத் தோத்தா, இருந்த தற்காலிக வீடும் போகும்.

பனங்கூடல்:
பான்ட் திகதி விஷயத்தை ஒத்துக்கொள்ளுறன், அது சனத்துக்குத் தெரியாது. மற்றதில என்ர கருத்து மாறேல்லை. பான்ட் பி யில மூண்டு அறைக்கு நிக்கிறவருக்கு எத்தனை வருஷம் எண்டு ஆர் சொல்லுவினம்?

மூலைக்கடை:
அதையும் கேட்கலாம்; வீடு கிடைக்கும்போல இருக்கோ, எவ்வளவு காலம் செல்லும் எண்ட தகவல் கேட்க 166ஏயிலயே இடமிருக்கு. அதைவிட, பிட் பண்ணுற (காலியான வீட்டுக்கு விருப்பம் தெரிவிக்கிற) இணையத்தளத்தில பல கவுன்சில்கள் முடிவுகளைப் போடுகினம்: எந்த பான்ட், எந்தத் திகதிக்காரருக்கு வீடு போனதெண்டு. நீங்கள் தேடுற அதே அறை எண்ணிக்கையில ஆறு மாச முடிவை எழுதிப் பாருங்கோ. திகதியெல்லாம் 2013, 2014 எண்டு நிக்க உங்கடது 2021 எண்டா, நிலக்கீழ், மேல்மாடி, பக்கத்து வட்டாரம் எண்டு ஒண்டையாவது விட்டுக்குடுக்க ஏலுமோ எண்டு வீட்டில இருந்து கதையுங்கோ.